வேண்டாம் என்று அவர் சொன்னது

வீட்டுக் கதவின் முன் நின்று எப்சிபா, "வெளியே போகிறேன்" என்றாள். கதவு திறந்தது.

"போகணும்" என்று சொல்லியிருந்தால் திறந்திருக்காது. கட்டாயமா, விருப்பமா என்று கேட்டிருக்கும். கட்டாயம் என்றால், யார் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று அடுத்த கேள்வி வரும். நூர்ஹாவ்ன் நகரத்துக்கு வந்த புதிதில் தமிழ்க் குடும்பங்கள் இப்படிக் கதவுகளோடு வாதாடிக்கொண்டு நின்றன. பிறகு பழகிவிட்டது. தேநீர்க் கடையில் இப்போது யாரும் "டீ வேணும்" என்பதில்லை. "டீ வாங்குகிறேன்" என்கிறார்கள். டிராமில் "உட்காரலாமா?" என்று கேட்பதில்லை, உட்காருகிறேன் என்று அறிவித்துவிட்டு உட்காருகிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் வீட்டுக்குள்ளும் அப்படித்தான் பேசுகின்றன. "அம்மா, நான் சாப்பிடுகிறேன். அம்மா, நான் விளையாடுகிறேன்." கெஞ்சல் கிடையாது, அடம் கிடையாது. எல்லாம் அறிவிப்பு.

எப்சிபாவுக்கு இதில் மற்றவர்களைவிட அதிகம் தெரியும். அவள் வேலையே அதுதான். நகரத்தின் நடுவில் இருந்த பிணைமொழி நிலையத்தில், சாயல் பிரிவில், தமிழுக்குப் பொறுப்பாளராக இருந்தாள்.

தூத்துக்குடிக் கரையைக் கடல் எடுத்துக்கொண்ட காலத்தில் உலகெங்கும் இன்னும் பல கரைகள் போயின. வடகரை ஒன்றியம் அந்த மக்களை எல்லாம் உள்ளே விட்டது. கடற்சுவர் கட்ட ஆள் தேவைப்பட்டது. வந்தவர்கள் இருநூறு மொழிகளில் பேசினார்கள். ஆரம்பத்தில் மொழிபெயர்ப்பாளர்களை வைத்துச் சமாளித்தார்கள். மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் ஓயாத வழக்கு. "அவர் செய்ய வேண்டும் என்றார்." "இல்லை, செய்யலாம் என்றுதான் சொன்னார்." கடைசியில் ஒன்றியம் மனிதக் காதுகளை விலக்கிவிட்டு, கதவிலும் படுக்கையிலும் தொலைபேசியிலும் கேட்பான்களைப் பொருத்தியது. கேட்பான் முன்னால் சொல்லும் எந்த வாக்கியமும் பிணைமொழிக்கு மாறும். மாறிய அந்த நொடியே செயலாகும். சொன்னவரைச் சொல் பிணைக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

மீன், சிறுநீரகம், சிமெண்ட் போன்ற சொற்களில் தகராறு வரவில்லை. தகராறெல்லாம் வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும் துணைவினைகளில்தான். வேண்டும், வேண்டாம், முடியும், கூடாது, லாம். இவற்றைக் கவனிப்பதுதான் சாயல் பிரிவின் வேலை. ஒவ்வொரு மொழியும் இவற்றை ஒவ்வொரு விதமாக வெட்டி வைத்திருந்தது. பிணைமொழியிலோ ஆறு பெட்டிகள்தான்: கட்டாயம், தடை, அனுமதி, இயலுமை, விருப்பம், தேவையின்மை. ஒரு துணைவினைக்கு ஒரு பெட்டி. இரண்டு பெட்டியில் வைத்தால் எது என்று யாராவது கேட்டுத் தீர்மானிக்க நேரும். அந்த யாராவதைத்தான் ஒன்றியம் விலக்கியிருந்தது. வேண்டும் என்ற ஒரு சொல் மட்டும் விதிவிலக்கு. அதை எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாமல், ஒவ்வொரு முறையும் பேசுபவரையே கேட்டுக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள்.

வேண்டாம் என்ற சொல் தடைப் பெட்டியில் இருந்தது. எப்சிபா வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அப்படி வைத்துவிட்டார்கள். அது சரி என்றே அவளுக்கும் பட்டது. மருத்துவமனையில் ஒரு தமிழர் ஊசி வேண்டாம் என்றால் அந்த ஊசி நிற்க வேண்டும். அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது.

அவள் கணவர் சகாயம் கடற்சுவருக்குச் சிமெண்ட் அரைக்கும் ஆலையில் பல வருடம் இருந்தவர். அந்தத் தூசு நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது. அந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் படி ஏற முடியாமல் போய், பிறகு பேச மூச்சில்லாமல் போய், சுவாசப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்த அன்று மாலை படுக்கையில் இருந்த தொலைபேசியில் அவளை அழைத்தார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"கஞ்சி மாதிரி என்னமோ குடுத்தாவ. உப்பே இல்ல." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "ஏட்டி, வெளிய பனி கொட்டுது. டிராம் வேற நிறுத்திட்டாவளாம். நீ இங்கன வர வேண்டாம், கேட்டியா? எனக்கு ஒண்ணுமில்ல."

"சரி சரி. படுத்துத் தூங்குங்க" என்றாள் எப்சிபா. நாளைக்கு எதை எடுத்துக்கொண்டு போவது என்று அப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அவரை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில், ஆலையில் இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து வரத் தாமதமாகும் நாட்களில், "எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நீ சாப்பிட்டுரு" என்பார். ஒருநாள் அவள் அதை நம்பிச் சாப்பிட்டுவிட்டாள். அவர் வந்து, கழுவிக் கவிழ்த்திருந்த அவள் தட்டைப் பார்த்தார். தனியாக உட்கார்ந்து, பாதிச் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். அதன் பிறகு அவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவள் ஒவ்வொரு முறையும் திறந்து பார்ப்பாள். அநேகமாக உள்ளே ஒரு ஆசை இருக்கும். யாரையும் எதற்கும் நெருக்கக் கூடாது என்ற கூச்சத்தில் பொதிந்து வைத்த ஆசை. கொடு, வா, இரு என்று அவர் நேராகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

மறுநாள் மீன் ரசத்தை வெந்நீர்க் குப்பியில் ஊற்றிக்கொண்டு, டிராம் இல்லாததால் பனியில் நடந்தே போனாள். சுவாசப் பிரிவின் கதவு திறக்கவில்லை.

"நோயாளி உங்கள் வருகையைத் தடை செய்திருக்கிறார்" என்றது கேட்பான். சுத்தமான தமிழ். அந்தக் குரலின் உச்சரிப்பைத் திருத்திக் கொடுத்தவர்களில் அவளும் ஒருத்தி.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் பேசியது படுக்கைத் தொலைபேசியில். அதற்குள்ளும் கேட்பான் உண்டு. காய்ச்சலில் அவர் அதை மறந்திருப்பார். அவள் ஏன் மறந்தாள்?

"அது தடை இல்ல" என்றாள். "பனியா இருக்கு, சிரமப்படாதேன்னு சொன்னது."

"பதிவான துணைவினை: வேண்டாம். வகை: தடை. உங்கள் கோரிக்கையைச் சொல்லுங்கள்."

"அவரைப் பார்க்கணும்."

"இது விருப்பமா, கட்டாயமா?"

"ரெண்டும்."

"ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்."

வேலையில் தினமும் பார்த்த வாக்கியம்தான் அது. எனக்குப் பார்க்க வேண்டும் என்றால் விருப்பம். நான் பார்க்க வேண்டும் என்றால் கட்டாயம். எழுவாயில் ஒரு வேற்றுமை உருபு மாறினால் பெட்டி மாறிவிடும். புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு அதை ஓர் அழகு என்று அவளே விளக்கியிருக்கிறாள்.

"எனக்கு அவரைப் பார்க்கணும்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"விருப்பம். நோயாளியின் தடை பார்வையாளரின் விருப்பத்துக்கு மேலானது. மன்னிக்கவும்."

"நான் அவரைப் பார்த்தாகணும்."

"கட்டாயம். உங்களைக் கட்டாயப்படுத்தும் விதி எது?"

"நான் அவர் பொண்டாட்டி."

"திருமணம் என்ற விதியின் கீழ் நோயாளியைப் பார்ப்பது கட்டாயமில்லை. மன்னிக்கவும்."

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு தாதி வந்தாள். இங்கெர் என்று மார்பில் பெயர் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவள் மொழியில் பேசினாள். கேட்பான் தமிழில் சொன்னது. நோயாளி பெரும்பாலும் மருந்து மயக்கத்தில் இருக்கிறார். விழிக்கும்போது மனைவி வருவதைப் பற்றி ஒருமுறை கேட்கிறேன். அனுமதி தந்தால் கதவு திறக்கும். ஆனால் பதிலைச் சொல்லிக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. சொல்லிக்கொடுத்த பதில் செல்லாது.

வரட்டும் என்று ஒரு சொல் போதும். எப்சிபா காத்திருக்கும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். ரசம் குப்பிக்குள் ஆறிப்போனது. மதியத்துக்கு மேல் இங்கெர் திரும்பி வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

"கேட்டேன். விழித்துத்தான் இருந்தார். சிரித்தார். 'அது அவ இஷ்டம்' என்றார்."

அந்த வாக்கியத்தில் துணைவினை இல்லை. பிணைமொழியில் அது பதிலே இல்லை. தடை அப்படியே நின்றது.

அந்தக் கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு தமிழ்ப்பெண் இருந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். அவளுடைய தம்பி இசக்கிராஜ் கடற்சுவருக்கு அடியில் நீருக்குள் பற்றவைக்கும் வேலை செய்கிறவன். இரும்புப் பலகை விழுந்து இரண்டு கால்களும் நசுங்கிவிட்டன. மயக்கம் வருவதற்கு முன் அவனிடம் கேட்டபோது, காலை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். கால்கள் அழுகிக்கொண்டிருந்தன. மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"வலியில சொன்னது அக்கா அது" என்றாள் பேச்சியம்மாள். "எவன் சொல்லாம இருப்பான்? நீங்க அந்த மொழி ஆபீசுல இருக்கியளாம்லா. அந்தச் சொல்ல மாத்த முடியாதா? அவன் உசுரோட இருந்தாப் போதும் எனக்கு. காலு இல்லாட்டி என்ன, நான் தூக்கிச் சுமக்க மாட்டேனா?"

அந்தக் கேள்வி எப்சிபாவுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

சாயல் பிரிவில் அவளுக்கு அடுத்த மேசை யோஸ்ட்டினுடையது. ஜெர்மன் மொழிக்குப் பொறுப்பு. பேசுவதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் பழக்கம் உள்ள, உயரமான, மெலிந்த மனிதர். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வேண்டாம் என்ற சொல்லைத் தடையிலிருந்து எடுத்துத் தேவையின்மையில் வைக்கப் போவதாகவும், சக பொறுப்பாளராக அவர் ஒப்பமிட வேண்டும் என்றும் கேட்டாள்.

யோஸ்ட் கண்ணாடியைத் துடைத்தார்.

"இலக்கணப்படி உன் பக்கம் நியாயம் இருக்கிறது. எங்கள் மொழியில் 'முஸ்' என்பது கட்டாயம். அதோடு இல்லை என்பதைச் சேர்த்தால் கட்டாயம் போய்விடும், ஆள் விடுதலை. ஆங்கிலத்தில் அதே வேரில் வந்த 'மஸ்ட்'டோடு இல்லையைச் சேர்த்தால் ஆள் கட்டுண்டு போவான். ஒரே வேர்தான். கடலைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் போய்விட்டது. ஆனால் அந்த இரண்டு மொழியிலும் தடைக்கு ஒரு சொல், தேவையின்மைக்கு வேறு சொல் இருந்ததால் பெட்டிகள் போதுமாக இருந்தன."

"தமிழிலும் தடைக்குக் கூடாது இருக்கே. அப்போ வேண்டாம் எதுக்குத் தடையில கிடக்கணும்?"

"ஏனென்றால் நோயாளிகள் கூடாது என்று சொல்வதில்லை, எப்சிபா. நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். கூடாது என்று சட்டம் சொல்லும், சாமி சொல்லும். தன் உடம்பைப் பற்றிப் பேசும்போது மனிதன் வேண்டாம் என்றுதான் சொல்கிறான். சீன மொழியில் 'பூ யாவ்' என்ற சொல்லும் இதே மாதிரிதான். வேண்டியதில்லை, எனக்குப் பிடிக்கவில்லை, செய்யாதே, மூன்றும் அதுவே. அதை எங்கே வைத்தாலும் யாரோ ஒருவருக்கு அநியாயம். நீ மாற்றினால் நாளையிலிருந்து ஒரு தமிழ் நோயாளியின் மறுப்பு மறுப்பாக இருக்காது. அவசியமில்லை என்று அவர் கருதுகிறார் என்று பதிவாகும். அவசியம் உண்டா என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள்."

"அவர் அங்க தனியாக் கிடக்காரு யோஸ்ட். நான் வரலைன்னு நினைச்சுக்கிட்டுக் கிடக்காரு."

"தெரியும்."

"கால் நசுங்கின ஒரு பையனும் கிடக்கான். மாத்தினா அவன் பிழைப்பான்."

"அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறானே."

எப்சிபா திரையில் மாற்றப் படிவத்தைத் திறந்தாள். தமிழுக்குப் பொறுப்பு அவள்தான் என்பதால் யோஸ்ட் தடுக்கவில்லை. "ஒரு சொல்லை மாற்றினால் இந்தக் குளிர்காலப் பருவம் முடியும்வரை மறுபடி மாற்ற முடியாது. அது நினைவிருக்கட்டும்." பிறகு, எப்சிபா ஒப்பமிட்டதும், தானும் ஒப்பமிட்டார்.

மாற்றம் அன்றே நடப்புக்கு வந்தது. பழைய பதிவுகளுக்கும் அது பொருந்தும். அவள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது சுவாசப் பிரிவின் கதவு ஒன்றும் கேட்காமல் திறந்தது.

சகாயம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முகக்கவசத்தின் உட்புறம் ஆவி படிந்து படிந்து கலைந்தது. அவள் கையைத் தொட்டதும் விழித்தார். கவசத்தைத் தானே கொஞ்சம் தள்ளிவிட்டுப் பேசினார்.

"வந்துட்டியா?"

"நீங்கதான வர வேண்டாம்னு சொன்னீங்க."

"ஆமா, சொன்னேன்." உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. "சொன்னா வராமலா இருந்துருவ?"

அவள் அழுதாள். அவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடித்துவிட்டார். ஊரைப் பற்றியோ பழசைப் பற்றியோ எதுவும் பேசவில்லை. கஞ்சியில் உப்பில்லை என்று மறுபடி குறை சொன்னார். அவள் ஒரு கரண்டி ரசம் கொடுத்தாள். அதில் உப்பு சரியாக இருக்கிறது என்றார். இரண்டாவது கரண்டி உள்ளே போகவில்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்தது.

படுக்கையின் தலைமாட்டில் இருந்த கேட்பானில் விளக்கு எரிந்தது. மருத்துவரும் இங்கெரும் ஓடிவந்தார்கள்.

"மூச்சுக்குழாயில் குழாய் செருகி நிரந்தரச் சுவாசக் கருவியில் இணைக்க மருத்துவர் பரிந்துரைக்கிறார்" என்றது கேட்பான். "இதற்குப் பிறகு நோயாளியால் பேச முடியாது. நோயாளியின் சொல்?"

சகாயம் எப்சிபாவைப் பார்த்தார். அந்தப் பார்வை நிதானமாக இருந்தது. பயம் இல்லை.

"வேண்டாம்" என்றார்.

அத்தனை வருடங்களில் அவர் சொன்ன எந்த வேண்டாமுக்குள்ளும் அவள் வேறொன்றைக் கண்டிருக்கிறாள். இதற்குள் எதுவும் இல்லை. இது வெறும் வேண்டாம். போதும், விட்டுவிடு என்ற வேண்டாம். அந்த அறையில் அது அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"நோயாளி தேவையில்லை எனக் கருதுகிறார். மருத்துவத் தேவை உள்ளது. தொடரலாம்."

"இல்ல!" என்று கத்தினாள். "அவர் மறுக்கிறாரு! அது மறுப்பு!"

"துணைவினை: வேண்டாம். வகை: தேவையின்மை."

அவள் அவர் தோளைப் பிடித்தாள். "கூடாதுன்னு சொல்லுங்க. கூடாது. அந்த ஒரு சொல்லச் சொல்லுங்க."

"சொல்லிக்கொடுத்த பதில் செல்லாது" என்றது கேட்பான்.

அவர் புருவத்தைச் சுருக்கி அவளைப் பார்த்தார். அவள் ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று புரியாத முகம். இத்தனை பேர் தனக்காக ஓடிவந்திருக்கும்போது யாரைப் பார்த்துக் கூடாது என்று சொல்வது? தொண்டையிலிருந்து எஞ்சிய காற்றைத் திரட்டி, அவளைச் சமாதானப்படுத்துவது போல மெதுவாகச் சொன்னார்.

"வேண்டாம்ட்டி."

பிறகு குழாயைச் செருகினார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எப்சிபா தினமும் மருத்துவமனைக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. கருவி அவர் மார்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது. சில நாட்கள் கண் திறந்திருப்பார். அந்தக் கண்களில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். அதில் ஒரு கேள்வி இருந்தது. நான் சொன்னேனே, நீ பக்கத்தில்தானே இருந்தாய் என்ற கேள்வி. கைகளைப் படுக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள், குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று. அவள் முடிச்சுக்குக் கீழே சிவந்திருந்த இடத்தில் எண்ணெய் தடவிவிடுவாள். பேசப் பார்ப்பாள். என்ன பேசுவது என்று தெரியாமல், வெளியே பனி குறைந்திருக்கிறது, டிராம் ஓடுகிறது என்று சொல்வாள்.

பேச்சியம்மாளைக் கூடத்தில் ஒருநாள் பார்த்தாள். இசக்கிராஜ் பிழைத்துவிட்டான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எப்சிபா போய்க் கையைப் பிடித்தாள். பேச்சியம்மாள் கையை உருவிக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை.

"கண்ணு முழிச்சான் அக்கா. போர்வைய விலக்கிக் கீழ பாத்தான். அப்பறம் என்னப் பாத்தான். 'நான் வேண்டாம்னு சொன்னேம்லா'ன்னு கேட்டான். அவ்வளவுதான். அதுக்கப்பறம் ஒரு வார்த்த பேசல. யார்கிட்டயும். சோறு வேணுமான்னு கேட்டாக்கூட வாயத் திறக்க மாட்டேங்கான்."

"உசுரோட இருக்கானே, பேச்சி."

"இருக்கான்" என்றாள் அவள். "நான்தான உங்கள மாத்தச் சொன்னேன். உங்கள ஒண்ணும் சொல்லல."

மற்ற பிரிவுகளிலிருந்தும் செய்தி வந்தது. தமிழ் நோயாளிகள் எதையும் மறுப்பதை நிறுத்திவிட்டார்கள். மறுத்தாலும் நடக்கும் என்று தெரிந்துபோனதால் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினார்கள். நிலையத்தின் அறிக்கையில் அது ஒத்துழைப்பு கூடியிருப்பதாக வந்திருந்தது.

பனி உருக ஆரம்பித்த வாரத்தில் யோஸ்ட் அவள் மேசைக்கு வந்தார்.

"பருவம் முடிந்தது. சொல்லைத் திரும்பப் பழைய பெட்டிக்கு மாற்ற முடியும். நான் கையெழுத்துப் போடுகிறேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனால் நீ யோசித்துச் சொல்" என்றார். அன்று கண்ணாடியைக் கழற்றவில்லை. "மாற்றம் பழைய பதிவுகளுக்கும் பொருந்தும். குழாய்க்கு அவர் சொன்ன வேண்டாம் மறுபடி தடையாகிவிடும். கருவியை எடுத்துவிடுவார்கள். உன்னிடம் தொலைபேசியில் சொன்ன வேண்டாமும் தடையாகிவிடும். கதவு உனக்குத் திறக்காது."

"ஒண்ணை மட்டும்…"

"முடியாது. ஒரு சொல்லுக்கு ஒரு பெட்டி."

அன்று பகல் முழுக்க அவள் சகாயத்தின் பக்கத்தில் இருந்தாள். அவர் விழித்திருந்தார். முகத்தைத் துடைத்துவிட்டாள். தாடியைத் தானே மழித்துவிட்டாள், காதோரம் ஒரு வெட்டு கூட விழாமல். பிறகு குனிந்து, கேட்பானுக்குக் கேட்டால் கேட்கட்டும் என்று, சாதாரணக் குரலிலேயே சொன்னாள்.

"நீங்க சொன்னபடியே செய்யச் சொல்லிட்டுப் போறேன். எடுத்துருவாங்க. அப்போ நான் உள்ள இருக்க மாட்டேன். வெளிய, கதவுக்கு அந்தப் பக்கம் நிப்பேன். வரலைன்னு நினைக்காதீங்க."

அவர் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். கட்டியிருந்த கையில் விரல்கள் மட்டும் அசைந்தன. போ என்றாரா, இரு என்றாரா என்று இந்த முறை அவளுக்குத் தெரியவில்லை. குழாய் இல்லாமல் இருந்திருந்தால் போக வேண்டாம் என்று சொல்லியிருப்பாரோ என்று நினைத்தாள். அந்த நினைப்போடு எழுந்து நிலையத்துக்குப் போய் ஒப்பமிட்டாள். யோஸ்ட் அடுத்து ஒப்பமிட்டார். அவள் குளிர்கோட்டை எடுத்துத் தோளில் போட்டுவிட்டது மட்டும்தான் அவர் செய்த மற்றொன்று.

அவள் திரும்பி வந்தபோது கதவு சொன்னது: "நோயாளி உங்கள் வருகையைத் தடை செய்திருக்கிறார்."

"தெரியும்" என்றாள்.

கண்ணாடி வழியாக நடையின் ஒரு பகுதிதான் தெரிந்தது. இங்கெரும் மருத்துவரும் அவர் அறைக்குள் போனார்கள். கருவியின் சத்தம் அவ்வளவு தூரம் கேட்காது, நின்றபோதும் கேட்கவில்லை. அவள் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே எவ்வளவு நேரம் பிடித்தது, அவர் யாரைத் தேடினார், ஏதாவது சொன்னாரா, எதுவும் அவளுக்குத் தெரியப் போவதில்லை. ஒருமுறை இங்கெர் அறை வாசலுக்கு வந்து அவளைப் பார்த்தாள். ஏதோ சைகை செய்யக் கையைத் தூக்கி, செய்யாமல் திரும்பி உள்ளே போனாள்.

வெளிச்சம் நடையின் தரையில் நகர்ந்து சுவரில் ஏறியது.

பிறகு பூட்டு விலகும் ஓசை கேட்டது. கேட்பான் அதே சுத்தமான தமிழில் பேசியது.

"நோயாளி இல்லை. தடையும் இல்லை. நீங்கள் உள்ளே செல்லலாம்."

எப்சிபா உள்ளே போனாள். கைக்கட்டுகளை இங்கெர் அவிழ்த்து வைத்திருந்தாள். அறையின் கேட்பானில் விளக்கு அணைந்திருந்தது. படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது.

"வந்துட்டேன்" என்றாள்.